காலரைத் திருப்பிப் பார்க்கிறவள்

எங்கள் அக்காவுக்கு முகம் ஞாபகம் நிற்காது. இருபத்தைந்து வருஷமாகக் கடைக்கு வந்து போகிற டாக்டரைத் தெருவில் பார்த்தால், யாரோ போகிறார் என்று ஒதுங்கி வழிவிடுவாள். அவருடைய சாம்பல் கோட்டைக் கண்ணில் காட்டினால் போதும், "அட, நம்ம F! இடது கைல மைக்கறை இருந்துச்சே, போயிடுச்சா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி விசாரிப்பாள். தன் பெயர் F இல்லை என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷனுக்கு அலுத்துவிட்டது. இப்போது அவரே போனில் "F பேசறேன்" என்கிறார்.

அக்கா வேலை செய்வது ஒரு டிரை கிளீனிங் கடையில். நானும் அங்கேதான். அவள் முன்னால், துணி வாங்குகிற மேஜையில். நான் பின்னால், இஸ்திரி மேஜையில். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்குகிறது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். நான் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்காது. கேட்காதது அவளுடைய அதிர்ஷ்டம்.

துணியின் உள்பக்கம், கழுத்திலோ விலாத் தையலிலோ, ஒரு சின்ன நாடா இருக்குமே, அரிக்கிறது என்று கத்தரித்துக் குப்பையில் போடுகிறீர்களே, அதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது. அதில் சின்னதாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எழுத்து. வட்டம் என்றால் எங்களைப் போன்ற கடையில் கொடு என்று அர்த்தம். உள்ளே P இருந்தால் பெரிய மெஷின், காட்டமான கெமிக்கல். F இருந்தால் சின்ன மெஷின், சாதுவான கெமிக்கல். W என்றால் தண்ணீரே போதும், ஆனால் கை பழகினவர்கள்தான் அலச வேண்டும். ரொம்பப் பழைய கோட்டுகளில் A இருக்கும்: எதில் வேண்டுமானாலும் போடு, தாங்கும். வட்டத்தின் மேல் குறுக்கே கோடு இழுத்திருந்தால் கிட்டேயே வராதே. இவ்வளவுதான் விஷயம். சொல்லும்போது சப்பென்றுதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது துணியைத் திருப்பிப் பார்த்து, ஒன்றைக்கூட மாற்றிப் போடாமல் இருப்பது சாமானியப்பட்ட வேலை இல்லை.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையை முதலாளி இன்னும் எல்லோரிடமும் சொல்வார். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது, இடுப்பில் கைக்குழந்தை. "இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாராம். "எத்தனை எழுத்து படிக்கணும்?" என்று அக்கா திருப்பிக் கேட்டாளாம். அவர் யோசித்து, "நாலு" என்றிருக்கிறார். "நாலுதானே, சாயங்காலத்துக்குள்ள படிச்சிடறேன்" என்று குழந்தையைத் துணி மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாளாம். படித்தும் விட்டாள். அந்த நாலைத் தாண்டி ஐந்தாவதற்கு அவள் போனதேயில்லை.

ஆனால் வட்டத்துக்குள் எந்த எழுத்தைப் பார்த்தாலும் விடமாட்டாள். அவளுடைய பெண் ஒருநாள் வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "இதென்ன வட்டத்துக்குள்ள பாதி வட்டம்? இது எந்த மெஷின்டீ?" என்றாள். அது C, புத்தகம் எழுதினவருக்குச் சொந்தம், எடுத்து அச்சடிக்கக் கூடாது என்று அர்த்தம் என்று பெண் விளக்கினாள். சோப்பு உறையில் பேருக்குப் பக்கத்தில் R இருந்தது. அந்தப் பேரைப் பதிவு செய்திருக்கிறார்கள், வேறு யாரும் வைத்துக்கொள்ள முடியாது என்றாள் பெண். "பார்த்தியா, எங்க போட்டாலும் வட்டம்னா ஜாக்கிரதைன்னுதான் அர்த்தம்" என்று அக்காவுக்கு ஒரே பெருமை. மின்னஞ்சல் முகவரியில் வருகிற அந்த வளைந்த a-வைக் காட்டியபோது மட்டும் முகத்தைச் சுளித்தாள். "வட்டத்தை மூடாம விட்டிருக்கான் பாரு, சோம்பேறி."

அத்தான் பஸ் டிரைவர். தெருவோரப் பலகையில் P என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டிருந்தால் வண்டியை நிறுத்தக் கூடாது என்பது அவர் படித்துப் பரீட்சை எழுதித் தெரிந்துகொண்டது. அக்கா படிக்காமலே சொன்னாள்: "கோடு இழுத்திருக்கான், தொடாதீங்க." அன்றிலிருந்து அத்தான் அவளிடம் வாதம் செய்வதையே விட்டுவிட்டார்.

மனிதர்களுக்கும் எழுத்துக் கொடுத்துவிடுவாள். அத்தான் W, தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாதவர். பெண் F, பதமாகத்தான் கையாள வேண்டும். நான் P. "உன்னைக் காட்டமா போட்டு அலசினாத்தாண்டி வழிக்கு வருவே" என்பாள். கூடப்பிறந்தவளைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது?

இந்த வியாதி முற்றிப்போய், யார் வீட்டுக்குப் போனாலும் காலரைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். பஸ் நெரிசலில் முன்னால் நின்ற அம்மாளின் ஜாக்கெட் காலரைத் திருப்பி, அந்த அம்மாள் திருடி திருடி என்று கத்தி, அத்தான் ஓட்டிய பஸ்ஸே நின்றது. தன் பெண் காதலிக்கிற பையன் முதல்முதலாக வீட்டுக்கு வந்தபோதும் இதே கூத்துதான். மழையில் நனைந்து வந்திருந்தான். "கொடுங்க தம்பி, காயப்போடறேன்" என்று அன்பாகச் சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், விளக்குக்கு அடியில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "W. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கற பையன்டீ" என்றாள். அவளைப் பொறுத்தவரை கல்யாணம் அந்த நிமிஷமே நிச்சயமாகிவிட்டது.

பையனுடைய அம்மாவுக்குத்தான் மனசு வர இரண்டு வருஷம் பிடித்தது. பையன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், தங்கமானவன், ஆனால் அம்மாவின் ஒரு சொல்லைத் தாண்டமாட்டான். அந்த அம்மாள் வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறார். வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்த்தவர், பையனுக்கு ஐந்து வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். சம்பந்தியம்மா நிமிர்ந்த கழுத்து, அளந்த பேச்சு. நாலு பேர் சிரித்தால் அவர் மட்டும் எதற்கு என்று கேட்பார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே, "அவர் இருந்தப்போ எங்க வீட்டுல எல்லாம் வெளிநாட்டுச் சாமான்தான்" என்றார். துணி வெளுக்கிற வீட்டில் பெண் எடுக்க வேண்டியதாகிவிட்டதே என்று அதற்கு அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது. அக்கா எதையும் காட்டிக்கொள்ளாமல் இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் பெண் நாலு வருஷமாக அந்தப் பையனைத் தவிர வேறு யாரையும் நினைத்துப் பார்த்ததில்லை. சம்பந்தியம்மா வாயிலிருந்து 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை வந்தால் எல்லாம் முடிந்தது.

ஒருவழியாகக் கல்யாணம் முடிவானது. வெள்ளிக்கிழமை, பதிவு அலுவலகத்தில். திங்கட்கிழமை காலையில் சம்பந்தியம்மா கடைக்கு வந்தார். கையில் ஒரு கரும்பச்சைக் கோட்டு. முன்னால் கண்ணாடி மாதிரி மின்னுகிற எட்டுப் பட்டன்கள், காலர் ஓரத்தில் தோல் மாதிரி ஒரு கறுப்புப் பட்டி. பழசுதான், ஆனால் தைத்திருந்த அழகைப் பார்த்து நானே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"அவர் வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்தது. கல்யாணத்துக்கு இதைத்தான் போடப்போறேன். இதுவரைக்கும் நான் எந்தக் கடையிலயும் கொடுத்ததில்ல. உங்க கடை இருக்கும்போது கொடுக்காம இருந்தா நல்லாருக்காதேன்னு கொண்டுவந்தேன்" என்றார். மரியாதைக்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்து அக்கா பூரித்துப்போனாள். காலரைத் திருப்பினாள். பட்டு மாதிரி பளபளக்கிற வெளிநாட்டு லேபிள். "ஒரிஜினல். பாருங்க, வட்டத்துக்குள்ள எழுத்தெல்லாம் போட்டிருக்கு" என்றார் சம்பந்தியம்மா.

P.

அக்காவின் விரல் பட்டனுக்குப் போனது. தடவினாள். நகத்தால் தட்டினாள். இன்னொரு தடவை தடவினாள். மேஜைக்கு அடியில் இருக்கிற சின்ன பாட்டிலை எடுத்தாள். சந்தேகப்பட்ட பட்டனின் பின்பக்கம் பெரிய மெஷின் கெமிக்கலில் ஒரு சொட்டுத் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிசுபிசுத்தால் அது மட்டமான பிளாஸ்டிக், பெரிய மெஷினில் உருகிவிடும். லேபிள் என்ன சொன்னாலும் சரி, தொட்டுப் பார்க்காமல் அக்கா ஒரு பட்டனையும் விட்டதில்லை.

"என்னங்க, சந்தேகமா?" என்றார் சம்பந்தியம்மா. குரலில் கொஞ்சம் குளிர் இருந்தது. "அதான் லேபிள்லயே போட்டிருக்கே."

"ஐயோ, சந்தேகமெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி" என்று சொல்லி, அக்கா பாட்டிலை மூடி வைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் வாய் கிழியப் பேசுகிற நான், அன்றைக்குப் பார்த்து ஊமையாகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரிய மெஷின் நின்றது. அக்கா வட்டக் கதவைத் திறந்து கையை விட்டாள். விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா?" என்று போனேன். எட்டுப் பட்டனும் உருகி, சப்பித் துப்பின மிட்டாய் மாதிரி துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. காலர்ப் பட்டி ரெக்சின். விறைத்துப்போய், தொட்டால் உடைந்து உதிர்ந்தது. அக்கா கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி ஓடி வந்தார். "லேபிள்ல என்ன இருக்கு?"

"P."

"அப்புறம் என்ன? நம்ம மேல தப்பே இல்லையேம்மா. லேபிள்ல உள்ளபடிதான் போட்டோம்னு ஒரு சீட்டு எழுதிக் கோட்டோட அனுப்பிடு."

"என் விரல் சொல்லிச்சுங்க. நான்தான் கேக்கல" என்றாள் அக்கா. "லேபிளைப் படிக்கறது மட்டுந்தான் வேலைன்னா அதுக்கு நான் எதுக்கு? சீட்டெல்லாம் எழுத மாட்டேன்."

லேபிள் எப்படிப் பொய் சொல்லும் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கத்தரியால் நாலு தையலைப் பிரித்தாள். லேபிளின் பின்னால் பழுப்புத் துணியில் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு ஏதோ ஒரு கோட்டின் உள் துணி. அங்கிருந்து வெட்டியெடுத்து இங்கே வைத்துத் தைத்திருக்கிறார்கள். தைத்த நூல் கருநீலம், தடித்தது, பள்ளிக்கூட யூனிஃபார்ம் நூல். கோட்டின் உள்தையல் முழுக்க அதே நூல்தான்.

நான் துள்ளிக் குதித்தேன். "மாட்டினாங்களா! வெளிநாடாம் வெளிநாடு! தானே தைச்சுக்கிட்டு, எவளோ கோட்டு லேபிளைத் திருடி ஒட்டிட்டு, என்னா மிதப்பு! போட்டு உடைச்சிடுக்கா. இனிமே நம்ம முன்னாடி வாயைத் திறப்பாங்களா பார்ப்போம்."

"வாயை மூடு" என்றாள். பழைய ஊசி ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு, லேபிளை இருந்தபடியே தைத்து வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக லீவு போட்டாள். கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். "கல்யாணம் நின்னுடுமோடி?" என்று மூன்று தெருவுக்கு மூன்று தடவை கேட்டாள். நிற்காது என்று சொல்ல எனக்கும் தைரியமில்லை.

சம்பந்தியம்மா வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின், சுவரோரம் கூரை வரைக்கும் கருநீல யூனிஃபார்ம் அடுக்கு. உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. கோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"சம்பந்தி, தப்பு என்னுது. பட்டனைத் தொட்டுப் பார்த்துட்டுப் போட்டிருக்கணும். பார்க்கல. நீங்க என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். பிள்ளைங்க மேல மட்டும் காட்டிடாதீங்க."

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு நாக்கு அரித்தது. அக்கா என் காலை மிதித்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தியம்மா ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் காலரைத் திருப்பினார். தையல்காரர் கண் இல்லையா, பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "பார்த்தேன்" என்றாள்.

திட்டப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்த கழுத்து முதல்முறையாகக் குனிந்தது.

"அந்த மனுஷன் ஒரு மிட்டாய்கூட வாங்கிட்டு வந்ததில்லைங்க. கப்பல்ல இருந்து வந்தா வெறுங்கைதான். குடிச்சே போனார். பையனை ஸ்கூல்ல சேர்த்த புதுசு. மத்த பிள்ளைங்க உங்கப்பா உனக்கு என்ன வாங்கிட்டு வந்தார்னு கேட்டிருக்காங்க. என்கிட்ட வந்து கேட்டான். நான் என்ன சொல்லுவேன்? யாரோ மாத்தித் தைக்கக் கொடுத்த கோட்டுல லைனிங் கிழிஞ்சு போயிருந்துச்சு, புதுசு போட்டேன். பழைய லைனிங்ல இந்த லேபிள் இருந்துச்சு. வெட்டி இதுல வெச்சுத் தைச்சேன். இதோ பாரு, உங்கப்பா வெளிநாட்டுல இருந்து வாங்கிட்டு வந்ததுன்னு காமிச்சேன். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்னுகூட எனக்குத் தெரியாது. வட்டம் போட்டிருந்தா உசத்தின்னு நினைச்சேன்."

அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோட்டு போனா போகட்டும். பையனுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவனுக்கு அவங்கப்பான்னு இருக்கறது இது ஒண்ணுதான். வாக்குக் கொடுங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. மனதில் பட்டதை அந்த நிமிஷமே சொல்லிவிடுகிற ஜென்மம் அவள். கடையில் கறை போகாது என்றால் போகாது என்று முகத்துக்கு நேரே சொல்லி எத்தனை பேரை விரட்டியிருக்கிறாள்! இவளா வாயைக் கட்டப்போகிறாள் என்று எனக்குத் திக்கென்றது.

அப்புறம் இரண்டு பேரும் காரியத்தில் இறங்கினார்கள். உருகினதைக் கத்தி முனையால் சுரண்டியெடுத்தாள் அக்கா. கறை பிடித்த முன்பக்கத்தை மறைக்க ஒரு கறுப்புப் பட்டி வேண்டும் என்றார் சம்பந்தியம்மா. "இவகிட்ட ஒரு வெல்வெட் பாவாடை இருக்கு" என்றாள் அக்கா, என்னைக் கேட்காமலே. இரண்டே தடவைதான் உடுத்தியிருந்தேன்! அதை எடுத்துவந்து என் கண் முன்னாலேயே கத்தரி போட்டார்கள். வாடிக்கையாளர் துணிகளில் இருந்து உதிர்ந்து கடையில் சேர்ந்த பட்டன்களில் இருந்து, பித்தளைப் பட்டன் எட்டுப் பொறுக்கிக்கொண்டு வந்தாள் அக்கா. ஒவ்வொன்றையும் சொட்டுத் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டு தயார். முன்னைவிட நன்றாக இருந்தது என்பதுதான் உண்மை. பட்டனை ஏன் மாற்றினாய் என்று பையன் கேட்டதற்கு, பழசு உடைஞ்சிடுச்சு என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் அக்கா வீட்டில் யாரோடும் பேசவில்லை. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயம். அத்தான் என்னிடம் வந்து, "உங்கக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்று விசாரித்தார்.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். எங்களுக்கு முன்னால் ஆறு ஜோடி. நீள பெஞ்சில் பெண்ணும் பையனும் நடுவில், இரண்டு பக்கமும் நாங்கள். சம்பந்தியம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது எங்கள் கடை முதலாளியம்மா வந்து சேர்ந்தாள். நல்ல மனசு, ஆனால் நல்ல துணியைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"அடடா, என்ன கோட்டு, என்ன கோட்டு! எங்க வாங்கினது?" என்று சொல்லிக்கொண்டே சம்பந்தியம்மாவின் காலரைத் திருப்பக் கையை நீட்டினாள். பட்டனையும் பட்டியையும் மாற்றின இவர்கள், லேபிளை அப்படியே விட்டிருந்தார்கள். அதைத் தைத்த கருநீல யூனிஃபார்ம் நூலும் அப்படியேதான் இருந்தது. துணி வெளுக்கிற கடை வைத்திருக்கிறவளுக்கு ஒரு பார்வை போதாதா?

அக்கா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "தொடாதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது. முதலாளியம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. "ஏன், என்னாச்சு? எங்க வாங்கினதுன்னுதானே கேட்டேன்?"

"அது... அது வந்து..." அக்காவின் காது இரண்டும் சிவந்துவிட்டது. "அவர்... கப்பல்ல... இவங்க வீட்டுக்காரர்..." அதற்குமேல் ஓடவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஒரு பொய்யைச் சொல்லி முடிக்கத் தெரியாமல் என் அக்கா அத்தனை பேர் முன்னால் பரிதாபமாக விழித்துக்கொண்டு நின்றாள். பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சம்பந்தியம்மா எழுந்து நின்றார். அக்காவின் கையை முதலாளியம்மாவின் மணிக்கட்டிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்கயும் வாங்கினதில்லைங்க. நான்தான் தைச்சேன். பட்டன் சம்பந்தி கொடுத்தது. இந்தக் கறுப்புப் பட்டி அவங்க தங்கச்சி பாவாடை." சொல்லிவிட்டுப் பையனைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தார். "உங்கப்பா வாங்கிட்டு வரலடா. நான் சொன்னது பொய்."

"தெரியும்மா" என்றான் பையன்.

சம்பந்தியம்மா நிமிர்ந்தார். "என்ன தெரியும்?"

"ஸ்டூல் மேல ஏத்தி, எனக்குப் போட்டுவிட்டுத்தானே கீழ ஓரம் மடிச்சே? ஆடாம நில்லுடான்னு அதட்டினே. முழங்கால்ல ரெண்டு தடவை ஊசி குத்திச்சு. அதுகூடவா மறந்துபோகும்?"

"அடப்பாவி!" என்று கத்தியது என் அக்காதான். "மூணு நாளா வாயைக் கட்டிக்கிட்டு நான் சோறு தண்ணி இல்லாம செத்துட்டிருக்கேன், உனக்குத் தெரியுமா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பெண் சிரித்தாள், அத்தான் சிரித்தார்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "இருபத்தோரு வருஷமா ஏண்டா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார்.

பையன் அவருடைய காலரைச் சரிசெய்தான். "அப்பாவைப் பத்தி நீ சிரிச்ச முகமா சொன்னது அது ஒண்ணுதாம்மா."

அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா பையன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அக்கா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள், அவள் கண்ணிலும் வழிந்துகொண்டிருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். உள்ளேயிருந்து குமாஸ்தா எங்கள் எண்ணைக் கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. வெளியே வந்து எட்டிப் பார்த்தவர், எங்களுக்கு அடுத்த ஜோடியை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.